பெரிய வெள்ளிக்கு முன் ஒரு வகுப்பு: சிலுவையை எந்தப் படத்திலிருந்து தொடங்குவது?

#1 கிளமெண்டி_டீச்சர்

குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு உயர்நிலை 1 முதல் 4 வரையுள்ள 14 பிள்ளைகளுக்கு 45 நிமிட வகுப்பு. தலைப்பு "இயேசு ஏன் சிலுவையில் மரித்தார்". வீட்டில் ஆங்கிலம், சபையில் தமிழ் என்று வளர்ந்த பிள்ளைகள். "கிருபாதாரபலி" (பாவநிவிர்த்திக்கான பலி) என்று வாசித்தால் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

கையில் இருக்கும் திட்டம் இது:
(அ) குற்றவாளிக்கு அபராதம் விதித்துவிட்டு, நீதிபதியே இறங்கிவந்து பணம் கட்டும் கதை.
(ஆ) ரயிலைக் காப்பாற்ற, பாலத்தை இறக்கி, சக்கரத்தில் சிக்கிய மகனைப் பலிகொடுக்கும் பாலக் காவலாளி கதை.
(இ) "முடிந்தது" என்றால் பழங்கால ரசீதில் "கடன் தீர்ந்தது" என்று அர்த்தம்.
(ஈ) ஆணி, சவுக்கு, முள்முடி படங்கள்.
(உ) ஜெபம்.

எது நிற்கும், எது நிற்காது? இன்னொன்று: நாலு பிள்ளைகள் கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கிறார்கள். "அங்கே சிலுவையில் இயேசு இருக்கிறார், இங்கே ஏன் வெறும் சிலுவை" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள்.

#2 கிரேக்கப்பாடம்

(இ)-யை முதலில் எடுத்துவிடுங்கள் டீச்சர். யோவான் 19:30-இல் வரும் சொல் ‘தெதெலெஸ்தாய்’. அது ரசீதில் போடும் முத்திரை என்று பிரசங்கங்களில் வந்துகொண்டே இருக்கிறது. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுங்க ரசீதுகளில் ‘தெதெல்’ என்று சுருக்கெழுத்து மட்டுமே இருக்கும். முன்பு அதைத் ‘தெதெலெஸ்தாய்’ என்று விரித்துப் படித்துவிட்டார்கள். அது ‘தெதெலோனேதாய்’, அதாவது "சுங்கம் கட்டியாயிற்று". வினைச்சொல்லே வேறு. மேல்நிலைப் பிள்ளை ஒன்று கைபேசியில் தேடினால் இரண்டு நிமிடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

யோவான் சொல்லவருவது வேறு. இரண்டு வசனம் மேலே, 19:28-இலும் அதே சொல் உண்டு. 13:1-இல் "முடிவுபரியந்தமும் அவர்களிடத்தில் அன்புவைத்தார்" என்பதில் வரும் ‘தெலோஸ்’ அதன் வேர். 17:4-இல் "நீர் எனக்கு நியமித்த கிரியையைச் செய்துமுடித்தேன்" என்கிறார். ஆக, ஒப்படைத்த வேலை கடைசிவரை செய்யப்பட்டது. கத்தோலிக்கர் கையில் இருக்கும் திருவிவிலியம் (1995) இதை "எல்லாம் நிறைவேறிற்று" என்று பெயர்த்திருக்கிறது. பழைய வேதாகமத்தின் "முடிந்தது" என்பதை இன்றைய பிள்ளை "கதை முடிந்தது" என்று கேட்கக்கூடும். இரண்டையும் அருகருகே வாசிக்கச் சொல்லுங்கள், அதுவே ஐந்து நிமிடப் பாடம்.

கடன் படம் வேண்டும் என்றால் அதற்கு நேரான இடம் கொலோசெயர் 2:14. "நமக்கு எதிரிடையாக... இருந்த கையெழுத்தைக் குலைத்து" என்று வருகிறதே, அந்தக் ‘கையெழுத்து’ நம் ஊர் புரோநோட்டு மாதிரி, கடன்பட்டவன் தன் கையாலேயே எழுதிக்கொடுத்த சீட்டு. ‘குலைத்து’ என்பது மூலத்தில் துடைத்தெடுப்பது. அந்தக் கால மை புகைக்கரியும் பிசினும் கலந்தது. ஈரப் பஞ்சால் துடைத்தால் எழுத்து போய்விடும். சின்ன வெள்ளைப் பலகையில் எழுதி, ஈரத் துணியால் துடைத்துக் காட்டினால் போதும்.

#3 லேவியர்16

(ஆ) இன்னும் மோசம். பாலக் கதையில் மகனுக்கு ஒன்றும் தெரியாது. சிக்கிக்கொண்டான், அப்பா கைப்பிடியை இழுத்தார், அவ்வளவுதான். சுவிசேஷத்தில் மகன் சொல்வது: "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" (யோவான் 10:18). கண்ணீர் வரவழைக்கிற கதைதான். ஆனால் பிள்ளை வீட்டுக்குப் போகும்போது கையில் கொண்டுபோவது "அப்பா மகனைக் கொன்றார்" என்பது மட்டும். தூக்கிப் போடுங்கள்.

(அ)-வுக்கு வருகிறேன். நீதிபதியே இறங்கிவந்து கட்டுவதால் அது பாலக் கதையைவிடத் தேவலை. ஆனால் அபராதம் கைமாறும், தண்டனை கைமாறாது. நம் சிங்கப்பூரில் வேறொருவர் ஓட்டிய காருக்கு "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்லித் தண்டப் புள்ளியைத் தன் பெயரில் ஏற்றிக்கொண்டால், ஏற்றிக்கொண்டவரும் குற்றவாளி. உயர்நிலை 4 பையன் இதைக் கேட்டே தீருவான். வேதமும் அவன் பக்கம்தான் இருக்கிறது: "பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்" (எசேக்கியேல் 18:20). ஆகவே அந்தக் கதையோடு நின்றுவிட்டால் பாடம் நடுவழியில் நிற்கும்.

#4 தரங்கை

@லேவியர்16 அண்ணே, ஒரேயடியாகச் சாய்க்காதீர்கள். "நமக்குச் சமாதானத்தை உண்டுபண்ணும் ஆக்கினை அவர்மேல் வந்தது" என்று ஏசாயா 53:5 சொல்கிறது. "பாவம் அறியாத அவரை நமக்காகப் பாவமாக்கினார்" என்று 2 கொரிந்தியர் 5:21. நமக்குப் பதிலாக என்பதை எடுத்துவிட்டால் பவுலில் பாதி காலி.

#5 லேவியர்16

எடுக்கச் சொல்லவில்லை தம்பி. நீங்கள் காட்டிய அதே அதிகாரத்தில் இரண்டு வசனம் மேலே போங்கள். "தேவன்... கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கி" (5:19). அங்கே மூன்றாம் ஆள் இல்லை. கோபமான அப்பா, அப்பாவி மகன், தப்பித்த நாம் என்று மூன்று நாற்காலி போட்டால்தான் கதை கோணலாகிறது.

இன்னொன்று, பவுலின் ‘பதிலாக’ எப்போதும் ‘உடனேகூட’ என்பதோடு ஒட்டித்தான் வரும். "கிறிஸ்துவுடனேகூடச் சிலுவையிலறையப்பட்டேன்" (கலாத்தியர் 2:20), "நம்முடைய பழைய மனுஷன் அவரோடேகூடச் சிலுவையில் அறையப்பட்டது" (ரோமர் 6:6). குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட்டால் குடும்பமே கட்டுப்படுவது போல, தலையானவர் மரித்தபோது அவருக்குள் இருப்பவர்களும் மரித்ததாகக் கணக்கு. எசேக்கியேல் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. வெளியாள் ஒருவர் தண்டனையை வாங்கிக்கொண்டார் என்பது மட்டுமாக இருந்தால் அந்தப் பையன் சொன்னதே சரி.

#6 தரங்கை

சரி, ஏற்றுக்கொள்கிறேன். அப்படியென்றால் (அ) இருக்கட்டும், முடிவில் "இந்தக் கதை எந்த இடத்தில் உடைகிறது?" என்று பிள்ளைகளையே கேட்க வைக்கலாம். மூன்று நிமிடம் போதும்.

#7 கிரேக்கப்பாடம்

‘கிருபாதாரபலி’க்கு ஒரு வழி. ரோமர் 3:25-இல் மூலச்சொல் ‘ஹிலாஸ்தேரியோன்’. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் அதே சொல்தான் உடன்படிக்கைப் பெட்டியின் மூடிக்கு, அதாவது கிருபாசனத்துக்கு. எபிரெயர் 9:5-இலும் அதே அர்த்தம். திருவிவிலியத்தில் மூடியின் பெயர் "இரக்கத்தின் இருக்கை", பாவநிவிர்த்திக்குக் "கழுவாய்". கழுவாய் என்றால் இந்தத் தலைமுறைக்கும் ‘கழுவு’ என்பது காதில் விழும். அந்தச் சொல்லை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம், குற்றமில்லை.

யாத்திராகமம் 25:17 அளவு கொடுக்கிறது: நீளம் இரண்டரை முழம், அகலம் ஒன்றரை முழம். முழத்துக்கு 45 செ.மீ. வைத்தால் சுமார் 112 செ.மீ. × 67 செ.மீ. ஒட்டுநாடாவால் தரையில் அந்த நீள்சதுரத்தை ஒட்டுங்கள். சின்ன காப்பி மேசை அளவுதான். வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஆள், திரைக்குப் பின்னால், யாரும் பார்க்காத இந்த இடத்தில் இரத்தம் தெளிப்பார். பவுல் என்ன செய்கிறார்? அந்த மறைவான இடத்தின் பெயரை, நகருக்கு வெளியே வழிப்போக்கர்கள் பார்க்கத் தொங்கிய ஒருவருக்கு வைக்கிறார். "தேவன் அவரையே ஏற்படுத்தினார்" என்று தமிழில் வரும் இடத்தில் மூலச்சொல்லுக்கு ‘வெளியரங்கமாக முன்வைத்தார்’ என்ற பொருளும் உண்டு. பிள்ளைகளைச் சதுரத்தைச் சுற்றி நிற்கவைத்துவிட்டு வசனத்தை வாசியுங்கள்.

#8 லேவியர்16

இதோடு ஒரு எச்சரிக்கை. பஸ்கா ஆட்டுக்குட்டியையும் பாவநிவாரண நாளின் ஆட்டுக்கடாவையும் ஒன்றாகக் குழைப்பது நம் வகுப்புகளில் நடக்கிற பெரிய தவறு.

யாத்திராகமம் 12-இல் ஆட்டுக்குட்டி பாவத்துக்கான பலியாகச் சொல்லப்படவில்லை. ஈசோப்புக் கொழுந்தால் இரத்தத்தை நிலைக்கால்களில் பூசுகிறார்கள், சங்காரம் கடந்துபோகிறது, அடிமைகள் புறப்படுகிறார்கள். சுட்ட இறைச்சியை வீட்டோடு சாப்பிடுகிறார்கள். இது விடுதலையின் படம்.

லேவியராகமம் 16-இல் இரண்டு கடாக்கள். ஒன்று கொல்லப்பட்டு அதன் இரத்தம் கிருபாசனத்துக்குப் போகிறது. மற்றதன் தலைமேல் ஆரோன் இரண்டு கைகளையும் வைத்து, ஜனத்தின் அக்கிரமங்களை அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்கு உயிரோடு அனுப்பிவிடுகிறான். அதுதான் போக்காடு. கவனியுங்கள், பாவம் சுமத்தப்பட்ட கடா சாகவில்லை, இரத்தம் சிந்திய கடாவின் தலையில் பாவம் அறிக்கையிடப்படவில்லை. இது சுத்திகரிப்பின் படம்.

புதிய ஏற்பாடு இரண்டையும் இயேசுவுக்குப் பொருத்துகிறது, ஆனால் இடம் மாறாமல் பொருத்துகிறது. யோவான் "அவருடைய எலும்புகளில் ஒன்றும் முறிக்கப்படுவதில்லை" என்று பஸ்காவை எடுக்கிறார். எபிரெயர் நிருபம் பாவநிவாரண நாளை எடுக்கிறது. 45 நிமிடத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள். சதுரம் ஒட்டினால் லேவியராகமம், அப்புறம் நிலைக்கால் பக்கமே போகாதீர்கள்.

#9 எளியகேள்வி

வெளியிலிருந்து இரண்டு கேள்வி. (1) ‘மீட்பர்’ என்கிறீர்கள். தமிழில் மீட்பது என்றாலே அடகுக்கடையிலிருந்து நகையை மீட்பதுதான் ஞாபகம் வரும். இங்கே யாரிடம் அடகு? யாருக்குப் பணம்? (2) தைப்பூசத்தில் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி எடுக்கிறார்கள். "சிலுவையைச் சுமப்பது" என்பதும் அந்த மாதிரி நேர்த்தியா?

#10 கிரேக்கப்பாடம்

முதல் கேள்வி ஆயிரத்து அறுநூறு வருஷப் பழசு, வெட்கப்படாமல் கேளுங்கள். மாற்கு 10:45-இல் வரும் ‘லூத்ரோன்’ அடிமையை, போர்க்கைதியை விடுவிக்கக் கொடுக்கும் தொகை. திருவிவிலியம் "மீட்புக்கு ஈடாக" என்கிறது. ஈடு என்ற சொல்லே கடன் உலகத்துச் சொல். யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று அந்த வசனமும் சொல்லவில்லை, வேறெந்த வசனமும் சொல்லவில்லை.

4-ஆம் நூற்றாண்டில் நீசா நகரத்துக் கிரகோரியார் "பிசாசுக்கு" என்றார். தூண்டில் இரைக்குள் முள் இருப்பதுபோல, மனித உடலுக்குள் மறைந்திருந்த தெய்வத்தன்மையைப் பிசாசு விழுங்கி மாட்டிக்கொண்டது என்பது அவர் படம். அவருடைய நண்பரான நாசியான்சு கிரகோரியாருக்குப் பிசாசுக்கு என்ற எண்ணமே பொறுக்கவில்லை: கொள்ளைக்காரனுக்கு மீட்புத்தொகையா, அதுவும் கடவுளையேவா? பிதாவுக்கு என்றாலும் அவருக்கு ஒப்பவில்லை, ஏனென்றால் நம்மைப் பிடித்துவைத்திருந்தது பிதா அல்ல. 1098-இல் காண்டர்பரி பேராயர் ஆன்செல்ம், பிசாசுக்கு எந்த உரிமையும் இல்லை, கடவுளின் மாட்சிக்கு நாம் கொடுக்கவேண்டியதுதான் பாக்கி என்று கணக்கையே மாற்றி எழுதினார். தோமா அக்குவினார் 13-ஆம் நூற்றாண்டில் ஒரே விளக்கத்தில் அடைக்காமல் தகுதி, பரிகாரம், பலி, மீட்பு, செயல்திறன் என்று ஐந்து வழியாகப் பிரித்து வைத்தார்.

வகுப்புக்கு எவ்வளவு வேண்டும்? அடகுச் சீட்டு வரைதான். மூழ்கப்போன நகையை உரியவரே விலைகொடுத்து எடுத்தார், நகை இனி அவருடையது. "நீங்கள் கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள்" (1 கொரிந்தியர் 6:20). அடகுக்கடைக்காரர் யார் என்று யாராவது கேட்டால், கிரகோரியார் இருவரும் வேறு வேறு பதில் சொன்ன இடத்தில் நீ நிற்கிறாய் என்று பாராட்டிவிட்டு அடுத்த பக்கம் திருப்புங்கள்.

#11 லேவியர்16

இரண்டாவது கேள்விக்கு. காவடியைப் பற்றி நான் விளக்கம் சொல்வது முறையாகாது, அதை எடுப்பவர்கள் சொல்லட்டும். டீச்சர், வகுப்பில் ஒன்றைத் தாழ்த்தி மற்றதை உயர்த்தும் ஒப்பீடு வேண்டவே வேண்டாம், பிள்ளைகளின் சொந்தத்திலேயே இரண்டும் இருக்கும்.

சிலுவைப் பக்கம் மட்டும் சொல்கிறேன். நேர்த்தி இல்லை. லூக்கா 9:23-இல் "தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு" என்று கேட்டவர்களுக்கு மரக்கட்டையைத் தோளில் வைத்த ஒருவனைத் தெருவில் பார்த்தால் ஒன்றுதான் தெரியும்: அவன் திரும்பி வரமாட்டான். ஸ்பார்டகஸ் கலகம் ஒடுங்கிய கி.மு. 71-இல் கபுவாவிலிருந்து ரோம் வரை ஆப்பியன் சாலையோரம் 6,000 அடிமைகளை அறைந்து வைத்தார்கள். அந்த உலகத்தில் பேசிய வாக்கியம் இது.

தமிழில் இது வேறு மாதிரி தேய்ந்துவிட்டது. மூட்டுவலி சிலுவை, மாமியார் சிலுவை, மேலதிகாரி சிலுவை. அந்த வசனத்தின் சிலுவை தானாக வந்து விழுந்த கஷ்டம் அல்ல, அவரைப் பின்பற்றியதால் வருகிற விலை. இதைக் குழப்பினால் வரும் சேதம் சின்னதில்லை. வீட்டில் அடிபடுகிற பெண்ணிடம் "உன் சிலுவை, சுமந்துகொள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. அது வேதமும் இல்லை, ஆலோசனையும் இல்லை. ஆறுதல் சொல்லும் பொறுப்பில் இருப்பவர் அவருக்கு முதலில் பாதுகாப்பான இடத்தையும் உதவி எண்ணையும் கொடுக்கவேண்டும். உயர்நிலைப் பிள்ளைகளிடம் இதை நேராகவே சொல்லலாம்.

#12 எளியகேள்வி

நன்றி அண்ணே. மாமியார் உதாரணத்துக்கு எங்கள் வீட்டுக் குழுவில் அனுமதி கிடைக்காது.

#13 மூன்றுமணி

கத்தோலிக்கப் பிள்ளைகள் கேள்விக்கு வருகிறேன். படத்தைவிடப் பெரிய வெள்ளி வழிபாட்டில் நடப்பதைச் சொன்னால் எளிதாகப் புரியும். ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயம் போன்ற இடங்களில் தமிழிலேயே பார்க்கலாம்.

அன்று திருப்பலி கிடையாது. பீடத்தில் துணி, மெழுகுதிரி, சிலுவை எதுவும் இருக்காது. குரு சிவப்பு உடையில் வந்து குப்புற விழுகிறார் அல்லது முழந்தாளிடுகிறார், ஒரு சொல்லும் இல்லாமல். வாசகங்கள், யோவானின் பாடுகள், பொது மன்றாட்டுகள் முடிந்ததும் ஊதாத் துணி மூடிய சிலுவை வருகிறது. குரு முதலில் மேல்முனையைத் திறந்து உயர்த்திப் பாடுகிறார், மக்கள் பதில் பாடி முழந்தாளிட்டு அமைதியாக இருக்கிறார்கள். அடுத்து வலது கை. மூன்றாவது முழுச் சிலுவை. ஒவ்வொரு தடவையும் பாட்டு முந்தினதைவிடச் சுருதி ஏறும். (மூடாத சிலுவையை வாசலிலிருந்து மூன்று இடத்தில் நின்று கொண்டுவரும் இரண்டாவது முறையும் உண்டு.)

எங்கே தவறும் என்றால் துணியில்தான். துணியை முடிச்சுப் போட்டால் குரு ஒரு கையில் சிலுவையோடு மறு கையால் அவிழ்க்க முடியாமல் திண்டாடுவார். குண்டூசி விரலில் குத்தும். வெல்க்ரோ வைத்தால் அந்த நிசப்தத்தில் ‘கர்ர்ர்’ என்று கோயில் முழுக்கக் கேட்கும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே தையலில் தளர்வாக நூல் கோத்து, நுனியில் ஒரு விரல் நுழையும் வளையம் விட்டால் ஒரே இழுப்பில் வந்துவிடும். வலது கை என்பது சிலுவையில் இருப்பவரின் வலது கை, பார்ப்பவருக்கு இடப்புறம். இதை மாற்றித் தைத்துவிட்டு வழிபாட்டில் விழிப்பது வருஷா வருஷம் எங்காவது நடக்கிறது.

பிறகு மக்கள் ஒவ்வொருவராக வந்து வணங்குகிறார்கள். சட்டம் ஒரே சிலுவைதான் என்கிறது. கூட்டம் பெரிது என்று நாலு சிலுவை வைத்தால் "ஒரே மரம்" என்ற அடையாளம் போச்சு. ஆளுக்கு 5 வினாடி என்றால் 600 பேருக்கு 50 நிமிடம். அதே சிலுவைக்கு இரண்டு பக்கமும் வரிசை விட்டால் 25 நிமிடம். அதற்கும் நேரமில்லை என்றால் குரு சிலுவையைப் பீடத்துக்கு முன் உயர்த்திப் பிடிக்க, எல்லாரும் இருந்த இடத்திலேயே அமைதியாக வணங்கலாம் என்று வழிபாட்டு நூலிலேயே இருக்கிறது. முத்தம் கட்டாயமில்லை, தலைவணங்கினாலும் போதும். கிருமிநாசினியைச் சிலுவைமேல் நேராகத் தெளிக்காதீர்கள், ஆல்கஹால் பழைய மெருகுப்பூச்சைக் கரைத்துவிடும்.

#14 தரங்கை

ஆனால் அந்தச் சடங்குக்கு நீங்கள் வைத்திருக்கும் "ஆராதனை" என்ற சொல்? மரத்துக்கு ஆராதனையா என்று எங்கள் பக்கம் உடனே கேட்பார்கள்.

#15 மூன்றுமணி

கேட்கட்டும், கேட்கவேண்டிய கேள்வி. 787-இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் சிலுவை வடிவத்துக்கும் படங்களுக்கும் வணக்கம் உண்டு, கடவுளுக்கே உரிய ஆராதனை கிடையாது, உருவத்துக்குச் செய்யும் மரியாதை அதற்குரியவரிடம் போய்ச் சேருகிறது என்று தீர்த்தது. வழிபாட்டு நூல் அன்றைய சடங்குக்கு ஆராதனை என்ற சொல்லையே வைத்திருக்கிறது. ஆராதிக்கப்படுகிறவர் அதில் தொங்கியவர், கட்டை அல்ல. சிலுவையைத் திறக்கும்போது பாடும் பாடலிலேயே வார்த்தை அப்படித்தான் போகிறது: மரத்தைக் காட்டி, அதில் தொங்கிய உலக மீட்பைச் சொல்லி, பிறகுதான் "வருவீர்" என்று ஆராதிக்க அழைக்கிறது.

#16 தரங்கை

அப்படிச் சொன்னால் பேசலாம். எங்கள் பக்கத்துக் கணக்கையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். "வெறும் சிலுவை உயிர்த்தெழுதலைக் காட்டுகிறது" என்று எல்லா ஞாயிறு பள்ளியிலும் சொல்கிறோம். அழகான விளக்கம்தான், ஆனால் பின்னால் வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் சீர்திருத்த சபைகள் உருவத்தை எடுத்ததற்குக் காரணம் விக்கிரகத்தைப் பற்றிய கட்டளை. உயிர்த்தெழுதலுக்கு அடையாளம் காலியான கல்லறை. சிலுவை வெள்ளிக்கிழமை சாயங்காலமே காலியாகிவிட்டதே! லூத்தரன்கள் உருவச் சிலுவையை விடவில்லை. 1518-இல் ஹைடல்பர்க் விவாதத்தில் லூத்தர் வைத்த கருத்தே, கடவுளை மகிமையில் தேடாதே, சிலுவையின் பலவீனத்தில் பார் என்பது. 1706-இல் தரங்கம்பாடியில் லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் வந்து இறங்கியதிலிருந்து தமிழ் லூத்தரன்களுக்கு இது வீட்டுப் பாடம்.

நம் மண்ணிலேயே மூன்றாவது வகை இருக்கிறது, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சென்னை பரங்கிமலையில் 1547-இல் போர்த்துக்கீசியர் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை. உருவம் இல்லை, சுற்றிலும் பகலவி (பழைய பாரசீக) எழுத்து, கைமுனைகள் மொட்டு விரிந்தாற்போல. மரித்த மரம் துளிர்க்கிற மாதிரி. ‘சிலுவை’ என்ற நம் சொல்லே சிரியாக்கின் ‘ஸ்லீபா’ வழியாக வந்ததுதான். போர்த்துக்கீசிய வழியில் வந்தது ‘குருசு’, தென்கோடியில் இன்னும் குருசடி என்கிறார்களே.

#17 கிரேக்கப்பாடம்

(ஈ) பற்றி யாரும் சொல்லவில்லை. ரத்தப் படங்களை விடுங்கள். மாற்கு 15:24-இல் அறைந்ததைச் சொல்ல மூலத்தில் மூன்றே சொற்கள். ஆணி என்ற சொல்லே யோவான் 20:25-இல், தோமா பேசும்போதுதான் எட்டிப் பார்க்கிறது. சுவிசேஷகர்கள் நீட்டிச் சொன்னது பரியாசத்தை: அங்கி, முள்முடி, சிலுவைமேல் எழுதிவைத்த மேல்விலாசம், "மற்றவர்களை ரட்சித்தான்". வலியைவிட அவமானத்தை எழுதினார்கள். எபிரெயர் 12:2-உம் "அவமானத்தை எண்ணாமல்" என்கிறது.

காட்டியே ஆகவேண்டும் என்றால் இரண்டு பொருள் போதும். ஒன்று, 1968-இல் எருசலேம் அருகே கிவாத் ஹமிவ்தாரில் எலும்புப் பெட்டியில் கிடைத்த குதிகால் எலும்பு. 11.5 செ.மீ. ஆணி முனை வளைந்து அதிலேயே நின்றுவிட்டது. அளவுகோலில் 11.5-ஐக் காட்டினால் போதும், படம் தேவையில்லை. இரண்டு, ரோமின் பலத்தீன் குன்றில் 1857-இல் கிடைத்த சுவர்க் கிறுக்கல். கழுதைத் தலையோடு ஒருவன் சிலுவையில், கீழே கையைத் தூக்கிய இன்னொருவன், "அலெக்சமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்" என்று கேலி. வகுப்புத் தோழன் கேலி செய்கிற மாதிரியேதான். "சிலுவையைப்பற்றிய உபதேசம் கெட்டுப்போகிறவர்களுக்குப் பைத்தியமாயிருக்கிறது" என்று பவுல் எழுதியது எதைப் பார்த்து என்று அந்தக் கிறுக்கல் ஒரு நொடியில் சொல்லிவிடும்.

#18 கிளமெண்டி_டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. திருத்திய திட்டம்:

அலெக்சமெனோஸ் கிறுக்கல், "இதில் என்ன கேலி?" (6 நிமிடம்). நீதிபதி கதை, அது உடையும் இடம், கலாத்தியர் 2:20 (10). தரைச் சதுரம், லேவியராகமம் 16, ரோமர் 3:25, ‘கழுவாய்’ (12). "முடிந்தது", "எல்லாம் நிறைவேறிற்று" இரண்டு மொழிபெயர்ப்பு (5). வெறும் சிலுவை, உருவச் சிலுவை, பரங்கிமலைச் சிலுவை (7). ஜெபம் (5). பாலம், ரசீது, சவுக்கு போச்சு. அடகுச் சீட்டு, புரோநோட்டு இரண்டையும் கேள்வி வந்தால் மட்டும் எடுக்கிறேன்.

#19 லேவியர்16

12 நிமிடத்தில் லேவியராகமம் முடியாது டீச்சர். இரண்டு கடாவையும் சொல்லப் போனால் அதுவே 15. நீதிபதி கதையிலிருந்து மூன்று நிமிடம் எடுங்கள், கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், உடையும் இடத்துக்கு நேரே போகலாம். போக்காட்டை யாராவது ஒரு பிள்ளை நடித்துக் காட்ட முன்வந்தால் விடாதீர்கள், கதவைத் திறந்து வெளியே அனுப்பிவிடுங்கள். இரண்டு நிமிடம் கழித்துக் கூப்பிட மறக்கவேண்டாம்.

#20 மூன்றுமணி

தரைக்குத் தாள் ஒட்டுநாடா வாங்குங்கள், பழுப்புப் பொட்டலநாடா வேண்டாம். வகுப்பு முடிந்த கையோடு உரித்துவிடுங்கள். அடுத்த ஞாயிறு வரை விட்டால் பசை தரையில் இறங்கிவிடும், பிறகு மண்டபத்துக்குச் சாவி கொடுப்பவரோடு நீங்கள்தான் ஒப்புரவாக வேண்டும்.